வீட்டுத் தராசும் நம் உடல் நிறையும்



மலையகத்துப் பெண்களுக்குத் தராசு ஒரு புதிய சாமான் அல்ல. காலையில் எடுத்த கொழுந்து, பகலில் எடுத்த கொழுந்து, அந்தியில் எடுத்த கொழுந்து என்று நாள்தோறும் அதன் முன்னால்தான் நிற்கிறோம். சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று கழிவு போக மிஞ்சியதுதான் கணக்கில் ஏறும். நிறை குறைந்தால் அரைப்பேர். ஆனால் உங்களில் எத்தனை பேர் உங்கள் உடம்பை நிறுத்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த கூட்டத்தில் கேட்டேன். "வயித்துல புள்ள இருக்கயில கிளினிக்குல பார்த்தாங்க மிஸ்" என்றார் ஒரு அம்மா. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபது வயது!

இம்மாதம் நான் எழுத வந்தது, இதற்கு நேர்மாறாக, ஒரு நாளில் ஐந்து தடவை தராசில் ஏறிய ஒரு அக்காவைப் பற்றி. அவருடைய சம்மதத்துடன், ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகின்றேன்.

அக்காவின் பெற்றோர் 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கானோரில் இருவர். அக்கா கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவர். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், கஞ்சிக்கு வரிசையில் நின்று, பின்னர் முகாமிலிருந்து, முடிவில் இங்குள்ள உறவினரிடம் வந்து சேர்ந்தார். அப்போது எலும்பும் தோலுமாக இருந்தார் என்று அவருடைய மாமி சொல்கிறார். அதற்குப் பின் அவர் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினதில்லை. பிள்ளைகள் மிச்சம் வைத்தாலும் அதையும் வழித்துச் சாப்பிடுவார். "எறிய மனம் வராது மிஸ். அந்த நேரம் ஒரு பிடி அரிசிக்கு நாங்கள் பட்ட பாடு" என்பார். இதைப் பெருந்தீனி என்று சிரிப்பவர்களுக்குப் பசி என்றால் என்னவென்று தெரியாது என்பது என் எண்ணம்.

வருடங்கள் போக நிறை 96 கிலோவுக்கு ஏறியது. உயரம் 150 சென்ரிமீற்றர். நீரிழிவும் முழங்கால் வலியும் சேர்ந்தன. நிறையை (கிலோவில்) உயரத்தால் (மீற்றரில்) இரண்டு தடவை வகுத்தால் வருவது உடல் திணிவுச் சுட்டி. அவருக்கு அது 42க்கு மேல். நம் போன்ற ஆசிய நாட்டவருக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். நிறை குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு 1991இல் வகுக்கப்பட்ட வரம்பு 40. நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 35. 2022இல் சர்வதேச சத்திரசிகிச்சை நிபுணர் சங்கங்கள் இதைத் தளர்த்தி, நோய் இல்லாவிட்டாலும் 35 என்றும், ஆசிய நாட்டவருக்கு 27.5 என்றும் ஆக்கின. அழகுக்காகச் செய்யும் காரியம் அல்ல இது.

அக்காவுக்குக் கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் இச்சிகிச்சை நடந்தது. இரைப்பையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அகற்றி, மிச்சத்தை ஒரு குழாய் போல ஆக்கிவிடுவார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த துண்டு ஆங்கிலத்தில் இருந்தது. தாதி சிங்களத்தில் விளக்கினாராம். அக்காவுக்குப் புரிந்தது, "நிறையைப் பார்த்துக்கொள்" என்ற ஒன்றுதான். கனடாவிலுள்ள தம்பி பணம் அனுப்ப, நுவரெலியாவில் ஒரு கண்ணாடித் தராசு வாங்கினார்கள்.

அன்றிலிருந்து அது அவருடைய எசமான். எழும்பியதும் ஏறுவார், சாப்பிட்டதும் ஏறுவார், படுக்கப் போகும்போதும் ஏறுவார். நாலாம் மாதத்தில் நிறை 78இல் நின்றுவிட்டது. மூன்று கிழமை அசையவில்லை. "நேற்று 78, இண்டைக்கு 79. நான் ஒண்டும் சாப்பிடேல்லையே மிஸ்!" என்று அழுதார். இரண்டு நாள் வெறும் சாயத்தண்ணியோடு இருந்து, பீலியடியில் மயங்கி விழுந்த பிறகுதான் விடயம் என் காதுக்கு வந்தது.

சகோதரிகளே, ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் முள் ஏறத்தான் செய்யும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடலில் நீர் தங்கும். உப்புக் கூடிய கருவாட்டுக் குழம்பும் அப்படியே செய்யும். மலம் கழியாவிட்டாலும் கூடும். இவையெல்லாம் கொழுப்பு அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் நிறை வேகமாகக் குறையும். இடையிடையே சில கிழமைகள் அப்படியே நிற்கும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஓரளவு நிலைக்கும். பின்னர் சிறிது ஏறுவதும் உண்டு. நின்றுவிட்டதே என்று பட்டினி கிடந்தால் கரைவது தசையும் தலைமயிரும்தான்.

ஆகவே கிழமைக்கு ஒரு நாள் போதும். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்தோம். காலையில் எழும்பி, சலம் கழித்து, எதுவும் குடிக்குமுன், ஒரே மாதிரி மெல்லிய உடுப்புடன் ஏற வேண்டும். மலையில் குளிருக்குப் போடும் ஸ்வெட்டரும் சால்வையுமாக ஏறினால் அதுவே ஒரு கிலோ காட்டும். தராசைப் பாயிலோ விரிப்பிலோ வைக்கக் கூடாது. லயத்துக் காம்பராக்களின் சிமெந்துத் தரை மேடு பள்ளமாக இருக்கும். அக்கா வீட்டில் அடுப்படியில் ஒரு நிறை, இஸ்தோப்பில் இன்னொரு நிறை காட்டியது. சமமான ஓரிடத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டோம். தராசு சரிதானா என்று பார்க்க, உடைக்காத 5 கிலோ அரிசிப் பொதியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவையும், இல்லாமல் ஒரு தடவையும் ஏறினால் 5 கிலோ வித்தியாசம் வர வேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில் அங்குள்ள தராசின் கணக்கையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தராசு சொல்லாத விடயங்களுக்கும் அந்தக் கொப்பியில் இடம் ஒதுக்கினோம். சீனியின் அளவு, தலைசுற்று, மயிர் கொட்டுதல், கைகால் விறைப்பு, அன்று சாப்பிட்ட முட்டை, பருப்பு, நெத்தலி. இச்சிகிச்சை செய்தவர்கள் இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 ஆகியவற்றை வைத்தியர் சொன்னபடி வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். அக்கா இரும்புக் குளிசையைச் சாயத்தண்ணியோடுதான் விழுங்கியிருக்கிறார்! தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. இது சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு மட்டுமல்ல, இரத்தச்சோகைக்குக் குளிசை எடுக்கும் உங்கள் எல்லோருக்கும் பொருந்தும். குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள்.

வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் "வயிறு சின்னது, அதனால்தான்" என்று வீட்டில் இருக்க வேண்டாம். விற்றமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளை பெறும் வயதுள்ளவர்கள் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் தரிக்காமலிருப்பது நல்லது. நிறை குறையும்போது நின்றுபோன மாதவிடாய் திரும்பி வரும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். மருத்துவமாதுவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். முப்பத்தைந்து வயது கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் நிறை, உயரம், இரத்த அழுத்தம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள்.

தட்டு விடயம்தான் கடினமாக இருந்தது. நாலு கரண்டிச் சோற்றுடன் வயிறு நிறைந்துவிடும், மிச்சத்தைப் பார்த்து அக்கா கண்கலங்குவார். விழுங்கினால் வாந்தி. மாமிதான் வழி சொன்னார். பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டு, பேரப்பிள்ளையின் சின்னக் கோப்பையில் பரிமாறினார். கோப்பை காலியானது, எறிய எதுவும் மிஞ்சவில்லை.

சென்ற மாதம் கொப்பியில் 71 என்றிருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு எதுவும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "மறந்து போச்சு மிஸ். ராகலைக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிட்டன்" என்றார்.