நம் கணக்கை நாம் பார்த்தோமா?



2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுபுஹு தொழுதுவிட்டு வந்த நம்மில் சிலர், டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கோல்ஃப் புள்ளிகளைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கோல்ஃப் மட்டையைத் தொட்டறியாதவர்கள் நாம். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார் என்பதையே அன்றுதான் அறிந்தோம். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்த பெங்களூரு அதிதி அசோக், நான்கு சுற்றுகளிலும் சேர்த்து 269 அடிகளில் முடித்து நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்ற லிடியா கோ எடுத்தவை 268. ஒரே ஓர் அடி!

அந்த அடி கடைசி நாளில்தான் தவறியது என்று சொல்ல இயலாது. முதல் நாள் காலையில் தவறிய அடிக்கும் அதே எடைதான்.

இந்த விளையாட்டில் நம்மைச் சிந்திக்கவைப்பது அதன் கணக்குமுறை. உடன் ஆடுபவர் அட்டையில் அடிகளைக் குறிப்பார். ஆடியவர் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். எவரும் காணாத விதிமீறலையும் தானே சொல்லித் தண்டனை அடியை ஏற்க வேண்டும். 1957இல் அமெரிக்கப் பெண்கள் ஓபன் போட்டியில் ஜாக்கி பங் என்பவர் ஓர் அடி வித்தியாசத்தில் முதலிடத்தில் முடித்தார். ஆனால் அவருடைய அட்டையில் ஒரு குழிக்கு 6 என்பதற்குப் பதில் 5 என்று இருந்தது. கூட்டுத்தொகை சரியாகவே இருந்தும், பட்டம் பெட்சி ரால்ஸுக்குப் போனது.

ஆடை முதலியவற்றில் நம் நெறி வேறு, அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு விளையாட்டுக்கே இத்தனை கண்டிப்பு என்றால், கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டை நம்புகிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? விசாரிக்கப்படும் முன் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பியபின், சகோதரிக்குச் சேரவேண்டிய வாரிசுப் பங்கை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? "அவள் கேட்கவில்லையே" என்கிறோம். கேட்காததால் கடன் தீர்ந்துவிடுமா? வாங்கிய கைக்கூலியை அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் அது அன்பளிப்பாகிவிடுமா?

அடுத்தவர் புள்ளிகளைப் பார்க்க அதிகாலையில் அரை மணி நேரம் கிடைத்தது. இன்றிரவு உறங்குமுன் ஐந்து நிமிடம் நம் கணக்குக்குக் கொடுப்போம். இவ்வுலகில் இருக்கும்வரை திருத்திக்கொள்ள வழியுண்டு. பங்கைக் கொடுத்துவிடலாம், மன்னிப்புக் கேட்கலாம், தவ்பா செய்யலாம். ஏடு மூடப்பட்டபின் அந்த வாய்ப்பு இல்லை.

அல்லாஹ் நம் கணக்கை இலேசாக்குவானாக. ஆமீன்.