லயம் இடியட்டும், சாட்சியம் அழியலாகாது!

நியூயோர்க் நகரில் 1960இல் திறக்கப்பட்ட பான் ஆம் கம்பனியின் 'வேர்ல்ட்போர்ட்' விமான நிலையக் கட்டடத்தை 2013இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதைக் காக்க வேண்டுமென்று ஆர்வலர்கள் எழுப்பிய குரல் எடுபடவில்லை. ஆனால், 1991இலேயே மூடப்பட்ட அக்கம்பனியின் ஏடுகள் மயாமிப் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பறந்தவர்களின் வரலாறு பேணப்படுவதில் நமக்குப் பொறாமை இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது? அதுவே நம் கேள்வி.

நினைவைப் பேணத் தெரியாத மண்ணல்ல மலையகம். 1974 டிசம்பர் 4ஆம் நாள், இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்டனர். அவ்விமானத்தின் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுப் பொருளாக வைக்கப்பட்டது. முகமறியாத மனிதரின் துயரத்துக்கு இடம் கொடுத்த அந்த மலைகளிலே, தலைமுறை தலைமுறையாக உழைத்து மாண்டவர்களின் துயரத்துக்கு இடமில்லையா?

தனி வீடுகள் எழும் தோட்டங்களில் பழைய லயங்கள் இடிபடுகின்றன. இடியட்டும்! பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பத்தையே அடைத்துவைத்த அந்தத் தகரக் கூரைகளுக்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் வடிக்கமாட்டோம். ஆனால் கூரையோடு சேர்ந்து குப்பைக்குப் போவன எவை? இஸ்தோப்பில் தொங்கிய கொழுந்துக் கூடை, தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, காமன் கூத்துக்கு அதிர்ந்த தப்பு, பெட்டியடியில் கிடந்த சம்பளத் துண்டு, மஞ்சளித்த பிறப்புச் சான்று.

'பழைய காகிதத்தில் என்ன இருக்கிறது?' என்பார் சிலர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கேளுங்கள்! தந்தை இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, ஆதாரம் கேட்டது அச்சட்டம். எவ்வளவு கொழுந்து பறித்தாள் என்று நாள்தோறும் கணக்கெழுதிய ஏடுகள் தோட்டத்தில் இருந்தன; அவள் எங்கே பிறந்தாள் என்று காட்டும் ஏடு பலருக்கு இருக்கவில்லை. நாடற்றவர்களாக்கப்பட்ட அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். காகிதம் இல்லாதவனை நாடே இல்லாதவனாக்கியது அதிகாரம்! ஆகவே இவற்றை நினைவுப் பொருள் என்று சொல்வதும் போதாது, இவை சாட்சியங்கள்.

'அடிமைத்தனத்தின் சின்னங்களை ஏன் சுமக்க வேண்டும்?' என்று நம் இளைஞர் சிலர் கேட்கிறார்கள். அந்த வெட்கம் உழைத்தவனுக்கு உரியதன்று; உழைப்பைத் தின்றவனுக்கு உரியது. சாட்சியம் அழிந்தால் மகிழ்பவன் குற்றவாளியே அன்றோ!

காப்பவர்கள் எதைக் காத்தார்கள் என்பதையும் பார்ப்போம். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமாயிற்று. இயந்திரத்துக்கு இடம் கிடைத்தது. இயந்திரத்துக்குத் தீனி போட்ட கைகளுக்கு? கம்பளைக்கு அண்மையில், பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றில், 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அக்கைகளின் கதையைச் சொல்கிறது. அந்த ஒரு விளக்கு மலைநாடு முழுவதற்கும் போதுமா?

நாம் கேட்பது அதிகமல்ல. வீட்டுத் திட்டம் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். லயத்தை இடிக்குமுன் அளந்து, படமெடுத்து, அங்கே வாழ்ந்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யுங்கள். செக்ரோல் ஏடுகளையும் தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் கம்பனிகள் பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கட்டும். வட்டாரத்துக்கு ஒரு லயமேனும் நூலகமாகவும் காட்சியகமாகவும் தொழிலாளர் பொறுப்பிலேயே நிற்கட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள் நம் மக்கள். அந்த நடை மாத்தளையோடு நின்றுவிடலாகாது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த லயம் வரை அது நீளட்டும். சம்மட்டி போகுமுன் ஒரு குறிப்பேட்டோடு நீங்கள் போங்கள். இடிபாட்டில் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக் காகிதமும் நாளைய நியாயசபையில் நம் மக்களின் பத்திரம்.