கப்பல் ஏறும் முன் 'ஆம்' என்று எழுதுங்கள்

எங்கள் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு மகன் ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்தான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்க வேண்டும். நான்கு இரவுகள். புதுச்சேரிக் கடற்கரையில் வளர்ந்தவன் நான், ஆனாலும் கப்பலில் கால் வைத்ததில்லை. மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்த பிறகு நான் அடிக்கடி பார்த்த கடல், மழைக்காலத்து துரைசாமி சுரங்கப்பாதைதான்.

டிக்கெட், விசா எல்லாம் முடிந்தது. ஒரு ஞாயிறு மாலை பயணக் காப்பீடு எடுக்க மகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். "பத்தே நிமிஷம்பா" என்றான். 'ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா?' என்ற கேள்வி வந்தது. யோசிக்காமல் 'இல்லை' என்று அழுத்திவிட்டான்.

"என்னடா இது? எனக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு வருஷம். அம்மாவுக்கு இருபது வருஷமாக சர்க்கரை. அதெல்லாம் நோயில்லையா?"

"ஆமான்னு போட்டா பிரீமியம் ஏறும்பா. நாலு நாள்தானே? எல்லாரும் இப்படித்தான் போடறாங்க."

வீட்டுக்காரியும் அவன் பக்கம். "நல்ல காரியத்துக்குப் போகும்போது நோயைப் பத்தி எதுக்குங்க எழுதணும்?"

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் பிறர் பூர்த்தி செய்த படிவங்களைச் சரிபார்த்தவன் நான். பணம் கட்டும் நாளில் யாரும் படிவத்தைப் படிப்பதில்லை. பணம் கேட்கும் நாளில்தான் ஒவ்வொரு கட்டத்தையும் படிப்பார்கள். அதனால் மகனிடம் சொன்னேன்: "கப்பலில் எனக்கு நெஞ்சு வலி வந்தால் அங்கே இருக்கும் டாக்டரிடம் ஸ்டென்ட் பற்றிச் சொல்லாமல் இருப்பேனா? உயிர் பயத்தில் முதல் வார்த்தையே அதுதான். அவர் அதை எழுதிக்கொள்வார். கம்பெனியிடம் சொன்ன பொய்யும் டாக்டரிடம் சொன்ன நிஜமும் கடைசியில் ஒரே மேஜைக்கு வந்து சேரும்." அவன் பதில் பேசவில்லை. படிவத்தை முதலிலிருந்து ஆரம்பித்தான்.

ஒரு கம்பெனி எங்களை வேண்டாம் என்றது. இன்னொன்று ஏற்றுக்கொண்டது, நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டது. பழைய நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் அவசர சிகிச்சைக்கு மட்டும், அதுவும் ஒரு வரம்பு வரை தருவோம் என்றும் எழுதியிருந்தது. குறைவுதான். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்று புறப்படும் முன்பே தெரிந்துவிட்டது.

நம் வயதுக்காரர்கள் பலர் பிரீமியத் தொகையை மட்டும் ஒப்பிட்டு பாலிசி எடுக்கிறார்கள். அது தப்பு என்பது என் கருத்து. நம்முடைய ஓய்வூதியர் மருத்துவ அட்டை நடுக்கடலில் செல்லாது. கப்பலில் ஒரு சின்ன மருத்துவ அறைதான் இருக்கும். டாக்டர் பார்த்த பில், அறைக் கணக்கில் டாலரில் ஏறும். நிலைமை மோசமானால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடும். ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் செலவு லட்சக்கணக்கில். ஆகவே பழைய நோய்க்கு என்ன தருவார்கள் என்று முதலில் பாருங்கள். கப்பலிலிருந்து கரைக்கும், அங்கிருந்து ஊருக்கும் கொண்டுவரும் செலவு உண்டா என்று அடுத்துப் பாருங்கள். நம் கையிலிருந்து முதலில் எவ்வளவு போக வேண்டும் என்பதையும் பாருங்கள். விலை அதற்குப் பிறகு.

பயணத் திட்டம் மாறுவதும் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கார்டிலியா கப்பலுக்கு எங்கள் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கரைக்கு வராமலே திரும்பியது. இப்படி ஒரு துறைமுகம் விட்டுப்போனால் தானாகப் பணம் வந்துவிடாது. பாலிசியில் தனியாக எழுதியிருந்தால்தான் உண்டு. விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது, அதற்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியின் அவசர எண்ணைக் காகிதத்தில் எழுதி இருவர் பையிலும் வையுங்கள். கடலில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

நியாயமான கோரிக்கையை மறுத்தால் பயப்பட வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். ஆனால் படிவத்தில் நாமே மறைத்திருந்தால் அங்கே போய் என்ன சொல்லி வாதாடுவது?

நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் இன்சூரன்ஸை 'அசூரான்ஸ்' என்போம். தைரியத்துக்கும் அதே சொல்தான். அந்த நாலாயிரம் ரூபாய் எனக்கு இரண்டையும் கொடுத்தது. கப்பலில் நாலு ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன். ஒரு பில்லும் வரவில்லை. "பணம் வீணாப் போச்சே" என்றாள் வீட்டுக்காரி. அப்படி வீணாய்ப் போகட்டும் என்றுதானே கட்டினோம்?