மண்ணெண்ணெய்த் தொட்டியும் தொழிலாளியின் கையும்

எந்தப் பட்டறைக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். மூலையில் ஒரு தகரத் தொட்டி இருக்கும். பாதியாக வெட்டிய எண்ணெய் டின்னாகவும் இருக்கலாம். அதில் கறுத்துப் போன மண்ணெண்ணெய், இல்லையென்றால் டீசல், அதுவும் இல்லையென்றால் பெட்ரோல் அல்லது தின்னர். அதன் முன்னால் குந்தியிருப்பவன் அந்தப் பட்டறையிலேயே வயதில் சிறியவன், சம்பளத்திலும் சிறியவன். ஒரு கையில் பிரஷ். மறு கையில் பேரிங்கோ, பல்சக்கரமோ, நாசிலோ. கையுறை கிடையாது. காலையில் நனைந்த கை மாலையில்தான் காயும்.

இந்தத் தொட்டியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கூலி உயர்வும் பஞ்சப்படியும் போனசும் பேசுவதற்கு இருக்க, சாமான் கழுவும் தொட்டியா பெரிய விஷயம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தொட்டிக்குள் சாமான் மட்டும் போகவில்லை, தொழிலாளியின் கையும் போகிறது. ஆகவே இது பெரிய விஷயம்தான்.

நானும் அந்தத் தொட்டியின் முன் உட்கார்ந்தவன். பத்தாம் வகுப்பு தேறிய கையோடு கோவையில் ஒரு பம்புசெட் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் எனக்குக் கொடுத்த வேலை சாமான் கழுவுவது. இரண்டாவது மாதமே விரல் இடுக்குகளில் தோல் வெடித்தது. சோற்றைப் பிசைந்தால் உப்பும் புளியும் பட்டு எரியும். அம்மா ஒரு கரண்டி வாங்கிக் கொடுத்தாள். மேஸ்திரியிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவர் பேசாமல் தம் கையைக் காட்டினார். அது என் கையைவிட மோசமாக இருந்தது. “தேங்காய் எண்ணெய் தடவுடா, போகப் போகப் பழகிவிடும்” என்றார். அவர் நல்ல மனிதர். அவருக்கும் வேறு வழி இருப்பதாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

பழக்கம் அல்ல, நோய்

மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கிறது. அதே வேலையைத் தோலிடமும் செய்கிறது. தோலைக் காக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைத்து எடுத்துவிடுகிறது. தோல் வறளும், வெடிக்கும், சிவந்து அரிக்கும். இதற்குப் பெயர் தோல் அழற்சி. ரசாயனங்களில் கைபடுவதால் வரும் இந்த நோய், டாக்டர் பார்த்தால் சர்க்காருக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலேயே இடம் பெற்றது. எத்தனை பட்டறைப் பையன்களின் கையைப் பார்த்து யார் சர்க்காருக்கு எழுதினார்கள்?

தோலோடு நின்றாலும் பரவாயில்லை. பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் கலந்திருக்கிறது. அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். உலோகச் சாமான்களின் பிசுக்கை நீக்கப் பல நாடுகளிலும் வெகு காலம் பயன்பட்ட டிரைகுளோரோ எத்திலீன் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் முடிவாகச் சொல்லிவிட்டது.

வேகமாகக் காய்கிறது என்பதற்காகவே விஷத்தைத் தேர்ந்தெடுத்த கதையும் உண்டு. சீனாவின் சுஜோ நகரில் கைபேசித் திரைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், திரையைத் துடைக்கச் சாராயம் பயன்பட்டு வந்தது. ஹெக்சேன் இன்னும் சீக்கிரம் காயும், உற்பத்தி கூடும் என்று அதை மாற்றிவிட்டார்கள். ஹெக்சேன் ஆவி நரம்பைத் தின்னக்கூடியது. 2009ல் தொழிலாளர்களின் கையும் காலும் மரத்துப் போயின. நடக்க முடியாமல் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 137 பேர். சில நிமிஷ மிச்சத்திற்குக் கொடுத்த விலை இது.

பஞ்சாலைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய கதை ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் ‘மியூல்’ என்ற நூற்பு யந்திரம் ஓடியது. அதன் கதிர்களுக்கு இடும் எண்ணெய் தெறித்து, குனிந்து வேலை செய்யும் தொழிலாளியின் இடுப்புக்குக் கீழே உடையை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக் கணக்கில் அதை உடுத்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. 1922ல் மான்செஸ்டர் டாக்டர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். தீங்கு குறைந்த எண்ணெயைத்தான் பயன்படுத்த வேண்டும், தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்ற விதிகள் எப்போது வந்தன தெரியுமா? 1953ல். நோய்க்குக் காரணம் தெரிந்த பிறகும் 31 வருஷம்! அதற்குள் அந்த யந்திரமே வழக்கொழியத் தொடங்கிவிட்டது.

நம் தொட்டியின் கதையும் இதுதான். கெடுதல் தெரியும். மாற்று வழியும் தெரியும். ஆனால் வரவில்லை.

காதுக்குக் கேளாத ஒலி

மாற்று வழி என்ன? அல்ட்ராசானிக் கிளீனர் என்ற யந்திரம். பெயர்தான் பெரிது, விஷயம் சுலபம். துருப்பிடிக்காத எஃகினால் ஆன ஒரு தொட்டி. அதன் அடியில் மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் கட்டைகள் ஒட்டியிருக்கும். தொட்டியில் தண்ணீரும் அதற்கென்று உள்ள சோப்புக் கரைசலும் ஊற்றி, 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, சாமானைக் கம்பிக் கூடையில் வைத்து இறக்கிவிட வேண்டும். சுவிட்சைப் போட்டால் கட்டைகள் விநாடிக்கு 40,000 தடவை அதிரும். மனிதக் காதுக்கு 20,000க்கு மேல் கேட்காது. ஆகவேதான் கேளாத ஒலி என்கிறோம்.

இந்த ஒலி தண்ணீரை இழுத்து இழுத்து அமுக்குகிறது. இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழிகள் உண்டாகின்றன; அமுக்கும்போது அவை நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தின் மேல் ஊசி போல் தண்ணீரைப் பாய்ச்சுகிறது. பிரஷ் எட்டாத துளையிலும், மரையின் பள்ளத்திலும், டீசல் நாசிலின் மயிரிழைத் துவாரத்திலும் புகுந்து பிசுக்கைப் பெயர்த்து எடுக்கிறது. கையால் அரை மணி நேரம் தேய்த்தும் போகாத அழுக்கு பல சமயம் பத்து நிமிஷத்தில் போய்விடும்.

இது மந்திரம் அல்ல. கட்டிகட்டியாக அப்பிய கிரீஸை முதலில் சுரண்டித்தான் போட வேண்டும். தொட்டியில் அடங்காத பெரிய சாமானுக்கு இது உதவாது. அலுமினியச் சாமானைக் கடுங்காரக் கரைசலில் போட்டால் அரித்துவிடும். கழுவிய எஃகுச் சாமானை உடனே அலசிக் காயவைத்து எண்ணெய் தடவாவிட்டால் துரு ஏறும். எல்லாவற்றையும்விட முக்கியம்: இந்தத் தொட்டியில் பெட்ரோலையோ தின்னரையோ மண்ணெண்ணெயையோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. சூடும் மின்சாரமும் உள்ள இடத்தில் அது தீ விபத்தில் முடியும்.

இதற்கு அடிப்படை போட்டவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பால் லாஞ்ஜவின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, எஃகுத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸ் கல்லை வைத்து, கேளாத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பும் கருவியை அவர் செய்தார். அந்த ஒலிக்கு எதிரே வந்த மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீருக்குள் விட்ட கை வலித்தது. இன்றைய யந்திரங்களின் அடியில் உள்ள அதிர்வுக் கட்டைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாசிஸத்தை எதிர்த்ததற்காக 1940ல் ஹிட்லரின் ஆட்கள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1944ல் அவர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். போருக்காகப் பிறந்த கருவி தொழிலாளியின் கையைக் காக்கவும் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஏன் வரவில்லை?

இந்த யந்திரம் நேற்று வந்ததல்ல. 1950களிலிருந்தே வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை இதில்தான் கழுவுகிறார்கள். நகைக்கடையில் இருக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் மேஜை மேல் சிறிய பெட்டியாக இருக்கிறது. கண்ணாடியில் கீறல் விழக் கூடாது என்று அவ்வளவு அக்கறை! பட்டறைப் பையனின் கைக்கு மட்டும் அந்த அக்கறை இல்லை.

காரணம் முதலாளியின் கணக்கு நோட்டில் இருக்கிறது. யந்திரத்துக்கு விலை உண்டு. மண்ணெண்ணெய்க்கு விலை உண்டு. எடுபிடிப் பையனுக்குக் கொஞ்சம் சம்பளம் உண்டு. அவன் தோலுக்கும் நுரையீரலுக்கும் அந்த நோட்டில் பத்தி கிடையாது. டாக்டர் செலவு அவன் வீட்டுச் செலவு. மலிவான கை கிடைக்கும் வரை யந்திரம் எதற்கு என்பதுதான் அவர்கள் நியாயம்.

சட்டமும் பின்னால் போகிறது. மின்சாரத்தில் நடக்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்தில் கொண்டுவந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதை இருபது பேர் ஆக்கிவிட்டது. பதினைந்து பேர் உள்ள பட்டறை இனித் தொழிற்சாலையே அல்ல!

இரண்டு ஆளை வைத்துக்கொண்டு தானும் கரி பூசி உழைக்கும் சிறு பட்டறைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையும் வெடித்துத்தான் இருக்கிறது. ஒரு தெருவில் பத்துப் பட்டறை இருந்தால், பத்துப் பேரும் சேர்ந்து கூட்டுறவாக ஒரு பெரிய தொட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கடன் கொடுக்கும்படி சர்க்காரைக் கேட்க அவர்களோடு நாமும் நிற்கலாம்.

யந்திரம் வரட்டும்; நிபந்தனையோடு வரட்டும்

யந்திரம் என்றதும் நம் தோழர்களுக்கு ஒரு பயம் வரும். நியாயமான பயம். பஞ்சாலையில் புது யந்திரம் வந்தபோதெல்லாம் ஆள்குறைப்பும் வேலைப்பளுவும் கூடவே வந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அதற்காக, ‘கை வெடித்தாலும் பரவாயில்லை, பழைய தொட்டியே இருக்கட்டும்’ என்று சங்கம் சொல்லலாமா? கூடாது. வேலையையும் காக்க வேண்டும், கையையும் காக்க வேண்டும். ஆலைப் பராமரிப்புப் பகுதியிலும் பட்டறையிலும் சங்கம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. சாமான் கழுவ அல்ட்ராசானிக் யந்திரம் வைக்க வேண்டும். பெட்ரோல், தின்னரில் கை விட்டுக் கழுவுவதை உடனே நிறுத்த வேண்டும்.

2. கழுவும் வேலையில் இருந்தவரை வெளியேற்றக் கூடாது. அவருக்கே யந்திரத்தைப் பழக்க வேண்டும். மிச்சமாகும் நேரத்தில் பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைக் காட்டி உற்பத்தி அளவை ஏற்றக் கூடாது.

3. யந்திரம் ஓடும்போது தொட்டியில் கை விடும்படி யாரையும் வேலை வாங்கக் கூடாது. மூடி இருக்க வேண்டும். ஒலி கேளாததானாலும் கூடவே ஒரு கூரிய இரைச்சல் வரும். பக்கத்தில் நிற்பவருக்குக் காதடைப்பு தர வேண்டும்.

4. யந்திரம் வரும் வரை, மண்ணெண்ணெய் தாங்கும் நைட்ரைல் கையுறை தர வேண்டும். சாதாரண ரப்பர் கையுறை மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும். தொட்டிக்கு மூடியும், இடத்துக்குக் காற்றோட்டமும் வேண்டும்.

5. கழிவு நீரின் மேல் மிதக்கும் எண்ணெயைத் தனியாக எடுக்க வேண்டும். மிச்ச நீரைச் சுத்தப்படுத்தாமல் சாக்கடையில் விடக் கூடாது.

இந்த ஐந்தாவது கோரிக்கை விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் உரியது. பட்டறையின் பின்பக்கம் கொட்டும் கறுப்பு எண்ணெய் ஓடைக்குப் போகிறது. ஓடை வயலுக்குப் போகிறது. அந்தச் சேற்றில் இறங்குவது யார் கால்? அதோடு, பட்டறைத் தொட்டியின் முன் குந்தியிருக்கும் பையன் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளை? காட்டு வேலையில் வயிறு நிறையவில்லை என்று நகரத்துக்கு அனுப்பிய நம் பிள்ளைதான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் அவன் கையைப் பிடித்துப் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயத்தோடு முடிக்கிறேன். யந்திரம் வைத்துவிட்டோம் என்று நிர்வாகம் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு துண்டு மெல்லிய அலுமினியத் தாளை ஓடும் தொட்டியில் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சில நிமிஷத்தில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் விழுந்திருந்தால் யந்திரம் வேலை செய்கிறது. விழாவிட்டால் அது பார்வைக்கு வைத்த பெட்டி. சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாளையே கொண்டு வாருங்கள்.

என் மேஸ்திரி சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனார். கடைசி வரை அவருக்குக் கைவிரல் முழுவதும் மடங்கவில்லை. ‘பழகிவிடும்’ என்று அவர் என்னிடம் சொன்னதை நான் இன்னொரு பையனிடம் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள் தோழர்களே. அடுத்த சங்கக் கூட்டத்தில், போனஸ் கோரிக்கைக்குப் பக்கத்தில் இந்தத் தொட்டியையும் ஒரு வரியாக எழுதுங்கள்.