சும்மா பார்த்துக்கொள்கிறார்!

தில்லியில் நம்மவர் வீட்டுக் கல்யாணமோ, கோயில் உற்சவமோ, நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "ஊரில் இருக்கிற வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறார். சும்மா பார்த்துக்கொள்கிறார்." இந்தச் 'சும்மா'வுக்கு விலை கொடுத்தவன் நான்.

கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீட்டை என் பெரியப்பா மகன் ஒன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். ஒரு காசு வாங்கவில்லை. காசு வாங்காதவரிடம் கணக்குக் கேட்க எனக்கு நா எழவில்லை. குடியிருந்தவர் ஏழு மாதம் வாடகை தராததைச் சொல்ல அண்ணனுக்கும் சங்கடம். மொட்டை மாடி ஒழுகிச் சுவர் ஊறிப்போனதை நான் நேரில் போனபோதுதான் கண்டேன். ஆத்திரத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். என் பெண் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை.

பிறகுதான் வீட்டு நிர்வாகத்தைத் தொழிலாகச் செய்பவர்களை விசாரித்தேன். கணக்கைக் கேட்டால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். மாத வாடகை 15,000 ரூபாய், நிர்வாகக் கட்டணம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,400 ரூபாய். புதுக் குடித்தனம் பிடித்துத் தர ஒரு மாத வாடகை கேட்டால் 15,000. இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 34,692 ரூபாய். ஆண்டு வாடகை 1,80,000 ரூபாயில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! வருமான வரியிலும் இதற்குத் தனிக் கழிவு கிடையாது. வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிப்பார்கள். நீங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அவ்வளவுதான்.

ஆனால் குடித்தனம் மாறாத ஆண்டில் இதே செலவு 16,992 ரூபாய்தான். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தாலே 30,000 ரூபாய் நஷ்டம். ஒரு பழுதைப் பார்க்க நாமே கிளம்பினால், சென்னை போய்ச் சேரவே ரயிலில் ஒன்றிரண்டு இரவு. விடுப்பும் டிக்கெட்டும் வேறு.

யாரை அமர்த்தினாலும் சிலவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வாடகை நேராக நம் வங்கிக் கணக்குக்கே வரட்டும். எந்தத் தொகைக்கு மேல் பழுது பார்க்க நம்மைக் கேட்க வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். விற்கும் உரிமை அடங்கிய 'பவர்' பத்திரம் வேண்டவே வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் சொத்து மேலாளரின் கடமைகளையும் சொல்கிறது: ரசீது கொடுத்து வாடகை வசூலிப்பது, அவசியப் பழுதுகளைச் சரிசெய்வது, வீட்டை அவ்வப்போது பார்வையிடுவது. அவற்றை ஒப்பந்தத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐயாயிரம், ஆறாயிரம் வாடகை வரும் சிறு வீட்டுக்கு நிறுவனம் கட்டுப்படியாகாது. அங்கே நம்பிக்கையான ஒருவருக்கு மாதம் ஒரு தொகை பேசிக் கொடுக்கலாம். அவர் உறவினரானாலும் கொடுங்கள். வாங்குகிறவர் கணக்குச் சொல்வார். கொடுக்கிறவர் கூச்சமில்லாமல் கேட்பார். உறவும் மிஞ்சும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டைச் 'சும்மா' பார்த்துக்கொள்பவரிடம் இதைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள். அதைச் செய்யத் தவறியவன் சொல்கிறேன்.