மழலையர் முற்றம்: பெரிய மார்க்கெட்டில் கடற்பாடம்



சில மாதங்களுக்கு முன் பங்கு ஒன்றின் மழலையர் வகுப்பில் 'கடல்' என்னும் பாடம் நடைபெற்றபோது நாமும் உடனிருந்தோம். சுவரில் திமிங்கிலம், டால்பின், நட்சத்திர மீன் என வண்ணப் படங்கள். அவற்றைச் சுட்டிக்காட்டிக் குழந்தைகள் ஆங்கிலப் பாட்டொன்றை மளமளவென்று ஒப்பித்தார்கள். "உங்கள் வீட்டில் என்ன மீன் வாங்குவார்கள்?" என்று கேட்டோம். "வறுத்த மீன்" என்றான் ஒரு சிறுவன். வகுப்பே சிரித்தது. நமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் மீனவர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். இருபது மீன்களின் பெயராவது அறிந்த பிள்ளை அவள். ஆயினும் வாய் திறக்கவில்லை. அவள் அருகில் வந்தால் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

புதுச்சேரிக் குழந்தைக்குக் கடல் வெறும் படமாகிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1980களில் துறைமுகத்திற்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணலைத் தடுத்துவிட்டன. நகரின் மணற்கரை கரைந்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்காமலேயே வளர்ந்துவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் தலைமைச் செயலகத்தின் எதிரே ஓரளவு மணல் மீண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் பச்சிளம் குழந்தையை அலையோரம் விடத் தாயின் மனம் அஞ்சும். 2004 டிசம்பர் 26ஆம் நாளை இக்கரை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், நேரு வீதிப் பெரிய மார்க்கெட்டில், கடல் நாள்தோறும் கூடைகளில் வந்து இறங்குகிறது. கற்பிக்க வல்ல தாய்மார்களும் அங்கேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் நம் குழந்தைகளை ஒருமுறை அழைத்துச் செல்லலாகாதா?

அவ்வாறே ஆறு குழந்தைகளை அழைத்துச் சென்றோம். ஆறுக்குமேல் வேண்டா, தரை ஈரமாயிருக்கும், கூட்டமும் மிகுதி. வியாபாரம் சற்று ஓய்ந்த வேளையாகப் பார்த்துச் செல்வது நலம். வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதும் முறையன்று. ஒரு கூறு நெத்திலியாவது வாங்குதல் வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடிக்கக் கை எழுந்தது உண்மையே. ஆனால் மீன்காரம்மா ஒருவர், "தொட்டுப் பாரு கண்ணு, கடிக்காது" என்று ஒரு சிறு சுறாவை நீட்டியதும் கை தானாகவே இறங்கிவிட்டது. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழவழப்பு. எதிர்த்துத் தடவினாலோ உப்புத்தாள். இதனை எந்தப் படம் கற்பிக்கும்? அடுத்து நண்டைக் கவிழ்த்துக் காட்டினார். வயிற்று மடல் குறுகலாய் இருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். முட்டைகளை அம்மடலுக்குள் அணைத்து வைத்துக் காப்பது தாய் நண்டின் வழக்கம். நாக்கு மீனைக் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள், அதன் இரு கண்களும் ஒரே பக்கத்தில் இருந்தமையால். குஞ்சாக இருக்கையில் பக்கத்திற்கு ஒன்றாக இருக்கும் கண்களில் ஒன்று, வளர வளர மறுபக்கம் நகர்ந்துவிடுகிறது. செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருந்தால் மீன் புதியது என்பதையும் கற்றுக்கொண்டார்கள். (இப்பாடம் தந்தையர் சிலருக்கும் தேவைதான்!) திருக்கையின் வால், கெளுத்தியின் முள் ஆகியவற்றைமட்டும் தொட விடாதீர்கள்.

வீடு திரும்பியதும் கண்டதைப் பாட்டாக்கினோம். பாதிப் பிள்ளைகள் கேட்க, மீதிப் பிள்ளைகள் அபிநயத்தோடு விடை சொல்ல வேண்டும். மெட்டு உங்கள் விருப்பம்.

நண்டே நண்டே, நடையைக் காட்டு!
பக்கம் பக்கம் பாய்ந்து போவேன்.
சுறாவே சுறாவே, தோலைக் காட்டு!
எதிரே தடவு, உப்புத் தாளே.
திருக்கை திருக்கை, வாயைக் காட்டு!
வயிற்றுப் பக்கம் குனிந்து பாரு.

பாட்டின் வழியே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும், பிள்ளைகளின் வழியே வீட்டாருக்குக் கற்பிப்பதும் நம் திருச்சபைக்குப் புதியன அல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழில் ஆக்குவித்துச் சிறுவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அச்சிறுவர்களையே ஏவினார்.

கைவேலைக்கும் மார்க்கெட்டே போதும். வாழை மட்டையைச் சாண் அளவாக நறுக்கி, நான்கைந்து துண்டுகளை நாரினால் இறுகக் கட்டி, தொட்டி நீரில் விட்டால் மிதக்கும். அதுவே கட்டுமரம். கட்டிய மரம் ஆதலால் கட்டுமரம் என்னும் இத்தமிழ்ச் சொல்லையே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் மொழிகளில் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னபோது, நம் வகுப்பில் ஒரு பையன் அந்தச் சிறு தெப்பத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தான். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல்நுரை நுரையன்று, கணவாயின் உள்ளோடு. ஆணி முனையால் கீறினாலே அதில் உருவம் எழும். மீன் செதில்களை வாங்கிவந்து, சீயக்காய் இட்டு இரண்டுமுறை கழுவி, வெயிலில் உலர்த்தினால் வாடை போய்விடும். அவற்றைக் காகித மீன்மேல் வரிசையாக ஒட்டலாம். வால் பக்கமிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படியும்.

உயிர்ப்பு விழாவுக்குப் பின்வரும் வாரங்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். அருளப்பர் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் இராயப்பர் கரைக்கு இழுத்த வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன அல்லவா? பழைய வலைத்துண்டு ஒன்றை வகுப்பில் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் காகித மீன்களைச் சேர்த்து 153 வரை எண்ணலாம். அக்காலத்தில்தான், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், நம் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகவே இத்தடை. அந்நாட்களில் மீண்டும் மார்க்கெட்டுக்குச் சென்றால், கூடைகள் குறைந்திருப்பதையும் விலை ஏறியிருப்பதையும் குழந்தைகளே காண்பார்கள். "ஏன் ஆயா, வஞ்சிரம் இல்லை?" என்று அவர்களே கேட்கட்டும். படகு கரையில் நிற்கும்போது அவ்வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்கும் பிள்ளையும் ஒன்றிரண்டு இருக்கும். மழுப்பாமல் விடை கூறுங்கள்.

நம் வகுப்பின் வலையில் தொண்ணூறு மீன்கள் சேர்ந்திருந்தபோது, பின்வரிசைச் சிறுமி எழுந்துவந்தாள். வலையை நெடுநேரம் பார்த்தாள். மீசை வரைந்த ஒரு மீனைத் தொட்டு, "இது கெளுத்தி. கெளுத்திக்குச் செதிலே கிடையாது" என்றாள். ஒட்டியவன் அவளருகில் போய் நின்றுகொண்டான். இருவருமாகச் செதில்களை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார்கள்.