நகரமன்றத்தின் பணமும் ஆதிக்குடிக் கலைஞரின் உரிமையும்

ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன் நகரமன்றங்கள், வீட்டுவரி முதலியவற்றால் சேரும் பொதுப்பணத்தில் ஒரு சிறு பகுதியை அந்நாட்டு ஆதிக்குடிக் கலைஞர்களின் பணிக்கென வழங்கி வருகின்றன. சாலைக்கும் சாக்கடைக்கும் வேண்டிய பணத்தைச் சிற்பத்துக்கும் கூத்துக்கும் செலவிடலாமா என்று கேட்போர் எவ்வூரிலும் உண்டு. கைத்தறித் தள்ளுபடியைக் குறித்து இதே கேள்வி நம்மை நோக்கியும் எழுந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே இதனை அயல்நாட்டு விவகாரம் என்று தள்ளிவிடாமல் சிறிது ஆராய்வது தகும்.

இப்பணத்தைச் சலுகை என்று சொல்வோர் முதலில் பழைய கணக்கைப் பார்க்கவேண்டும். 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா டாலர் நாணயத்துக்கு மாறியபோது, ஒரு டாலர் நோட்டில் மரப்பட்டைச் சித்திரம் ஒன்று அச்சாயிற்று. அதைத் தீட்டியவர் வடபகுதியான ஆர்னம் நிலத்தைச் சேர்ந்த டேவிட் மலாங்கி. தம் குலமுன்னோனாகிய வேட்டைவீரனின் ஈமச்சடங்கை அவர் அதில் வரைந்திருந்தார். நாட்டிலுள்ளோர் கைகளிலெல்லாம் அவர் சித்திரம் புழங்கிற்று. அவரை மட்டும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் வெளியான பின்னரே ரிசர்வ் வங்கி அவருக்கு 1,000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக்கும் கருவிகளும் அளித்தது.

தறியோடு வாழும் நமக்கு இதனினும் நெருக்கமான வழக்கொன்று உண்டு. அச்சில் வெளிவந்த ஆதிக்குடிச் சித்திரங்களைப் பார்த்து வியட்நாமில் கம்பளங்கள் நெய்யப்பெற்று, ஆஸ்திரேலியாவில் இறக்குமதியாகி விற்பனைக்கு வந்தன. அம்மக்களிடையே ஒரு சித்திரத்தை வரையும் உரிமை குலவழியாக வருவது. அதனைக் காப்பது வரைந்தவரின் கடமையும் ஆகும். அத்தகைய புனித உருவங்கள் காலடியில் மிதிபடும் விரிப்புகளாயின. 1994-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இதனைத் திருட்டு நகலே என்று தீர்த்து, 1,88,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. தீர்ப்பு வருமுன் கலைஞர்களுள் சிலர் இறந்துபோயிருந்தனர். அக்கம்பளத்தை நெய்த வியட்நாம் நெசவாளி அது யாருடைய சித்திரம் என்று அறிந்திருக்க வழியில்லை. அவர்மேல் நமக்குக் குறையில்லை. நாம் மாதக்கணக்கில் யோசித்துப் போட்ட கரையும் புட்டாவும் விசைத்தறியில் மலிவாக இறங்கி நம் சேலைக்கே போட்டியாகும்போது உண்டாகும் வயிற்றெரிச்சலை அக்கலைஞர்களும் அறிந்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வருகிறோம்.

இது தீர்ந்துபோன கதையுமன்று. ஆதிக்குடிப் பாணிப் பொருள்களுக்காக மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கும் மேற்பட்டது போலிப் பொருள்களுக்கே போகிறதென்று அந்நாட்டு அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் அறிவித்தது.

இந்நிலையில் நகரமன்றங்கள் செய்தவற்றுள் சில நம் பாராட்டுக்குரியவை. சிட்னி ஹைட் பூங்காவில் 2015-இல் டோனி ஆல்பர்ட் அமைத்த நினைவுச்சின்னத்தில் நான்கு பெருந்தோட்டாக்கள் நிமிர்ந்து நிற்க, மூன்று வெற்றுக்கூடுகள் சாய்ந்து கிடக்கின்றன. நாட்டுக்காகப் போர்புரிந்தும் திரும்பியபின் சமமாக நடத்தப்பெறாத ஆதிக்குடி வீரர்களின் நினைவு அது. அந்நகரின் துறைமுகத்தை நோக்கி, அங்கு வாழ்ந்த பெண்கள் சிப்பியில் தேய்த்துச் செய்த தூண்டில்முள்ளின் உருவை 2022-இல் ஜூடி வாட்சன் பெருஞ்சிற்பமாக எழுப்பினார். மெல்போர்னிலோ, 1842-இல் பலர் காணத் தூக்கிலிடப்பெற்ற இரு டாஸ்மேனிய ஆதிக்குடியினருக்கு 2016-இல் நினைவிடம் திறக்கப்பெற்றது. ஒரு நகரம் தான் மறைக்க விரும்பக்கூடிய வரலாற்றைத் தன் பணத்திலேயே தெருவில் நிறுத்துவது எளிய காரியமன்று. வரி செலுத்துவோரின் பணம் வீணாயிற்று என்பாரை நாம் ஒப்பமாட்டோம்.

ஆயினும் மானியம் என்ற முறையில் நமக்குச் சில ஐயங்கள் உண்டு. ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதி, கணக்கு ஒப்புவித்து, மறுஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கும் கலைஞர் பாதி நாள் குமாஸ்தாவாகிவிடுகிறார். வேலைக்கு விலைபேசி, பெயர் பொறித்து, சித்திரத்தின் உரிமையை அவரிடமே விட்டு வாங்குவது இதனினும் மேல். எதை வாங்குவது என்று தீர்மானிப்பவரும் அம்மக்களே ஆகவேண்டும். மெல்போர்ன் நகரமன்றம் 2017 முதல் ஈராண்டுக்கொருமுறை நடத்தும் யிரம்பாய் விழா ஆதிக்குடியினர் தலைமையிலேயே நடைபெறுகிறது. இது சரியான வழி.

நகரத்தின் பணம் நகர எல்லையோடு நின்றுவிடும் என்பது மற்றொரு குறை. மத்தியப் பாலைவனத்தில் 1995 முதல் பெண்கள் காய்ந்த புல்லைக் கொண்டு கூடையும் உருவங்களும் முடைகின்றனர். அப்பெண்களின் சொந்த மன்றமே அத்தொழிலை நடத்துகிறது. 400-க்கு மேற்பட்டோர் இதில் பங்குபெறுகின்றனர். அவர்களிற் சிலர் புல்லால் முடைந்த முழு அளவு டொயோட்டா மோட்டார் வண்டிக்கு 2005-இல் தேசியப் பரிசு கிடைத்தது. பப்புன்யாவின் ஓவியர்களோ 1972-இலேயே தமக்குச் சொந்தமான நிறுவனம் கண்டவர்கள். அப்பாலைவன ஓவியர்களுள் ஒருவரான கிளிஃபர்ட் பாசம் ஜபல்ஜாரி 1977-இல் தீட்டிய ஓவியம் அப்போது 1,200 டாலருக்கு விலைபோயிற்று. 2007-இல் அதே ஓவியம் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஓவியரோ 2002-இலேயே மறைந்துவிட்டார். மறுவிற்பனையில் 5 சதவிகிதம் கலைஞருக்கோ வாரிசுக்கோ சேரவேண்டும் என்ற சட்டம் 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆதலின் சிற்பங்களோடு இன்னொன்றையும் செய்யுமாறு அந்நகரமன்றங்களுக்குச் சொல்வோம். மன்றத்துக்குச் சொந்தமான அங்காடிகளில் கடை வாடகைக்கு விடும்போது, ஆதிக்குடிப் பெயரால் விற்கும் பொருள் அவர்கள் கைப்படச் செய்ததாகவோ, அவர்கள் இசைவும் பங்கும் பெற்றதாகவோ இருக்கவேண்டுமென்று வாடகைச் சீட்டில் ஒரு ஷரத்து எழுதலாம். விருந்தினருக்கு மன்றம் அளிக்கும் பரிசுப்பொருளைக் கலைஞரே உடைமையாளராயுள்ள நிறுவனங்களில் வாங்கலாம். இவ்விரண்டுக்கும் புதிய வரி எதுவும் தேவைப்படாது.